வெள்ளியை முடக்கும் குழி, மனிதரையும் கொல்கிறது

குடிநீரில் கிருமிகளைக் கொல்ல வெள்ளித் துகள்களைப் பயன்படுத்தும் வடிகட்டிகள் பல வீடுகளுக்குள் வந்துவிட்டன. அந்த வெள்ளியில் ஒரு பகுதி கழிவுநீரோடு செப்டிக் டேங்கைச் சென்றடைகிறது. மலத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்களையும் அது கொன்றுவிடாதா? சிங்காநல்லூரில் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் வீட்டுக்காரருக்கு இது பராமரிப்புச் செலவு பற்றிய கேள்வி. நமக்கோ, குழிக்குள் இறக்கப்படும் தொழிலாளியின் உயிர் பற்றிய கேள்வி.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளியை மட்டுமே அனுமதிக்கிறது. இச்சிறு அளவு, குழியிலுள்ள சல்பைடோடு சேர்ந்து கரையாத வெள்ளி சல்பைடாகப் படிகிறது; கிருமிகளைக் கொல்லும் ஆற்றலையும் பெருமளவு இழக்கிறது. எனவே குழி நிரம்பி வழிவதற்கு வெள்ளியைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் கசடு அகற்றப்படாததும், அளவின்றி ஊற்றப்படும் ஆசிடும் பிளீச்சிங் பவுடருமே கவலைக்குரியவை.

வெள்ளியை முடக்கும் அதே சல்பைடுதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகி மனிதரைக் கொல்கிறது. செறிவு 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு நாற்றத்தை உணரும் திறனை இழக்கிறது. பன்மடங்கு உயர்ந்தால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். பாக்டீரியாக்கள் செழித்து வாழும் குழியிலும் இவ்வாயு உண்டாகும். ஆகவே குழியின் நலனைக் காப்பது, அதில் இறங்குபவரைக் காப்பதாகிவிடாது.

உரிய பாதுகாப்பின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7 தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மரணத்துக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் கொங்குப் பகுதியில் இவ்வேலை பெரும்பாலும் அருந்ததியர் தலையிலேயே சுமத்தப்படுகிறது. வழக்கோ பெரும்பாலும் மரணத்துக்குப் பின்னரே பதிவாகிறது.

மாற்று வழி நம் மாவட்டத்திலேயே உண்டு. பெரியநாயக்கன்பாளையத்தில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரி கசடை உறிஞ்சி எடுத்தால் மனிதர் இறங்கத் தேவையே எழாது. இக்கால அட்டவணையை மாநகராட்சி வார்டுதோறும் நடைமுறைப்படுத்தவும் அதன் பதிவேட்டை வெளியிடவும் கோருவோம். மரணம் நிகழக் காத்திராமல், ஆளை இறக்கும்போதே பிரிவு 7ஐச் சுட்டிப் புகார் அளிப்போம்.