கர்த்தர் சொன்ன கதையும் பாதிரியார் தடுக்கும் கதையும்

சினிமா பார்ப்பதும், நாடகத்தில் வேஷம் போடுவதும், நாவல் படிப்பதும், தப்பு அடிப்பதும் பாவம் என்று உபதேசிக்கும் கிருஸ்தவ சபைகள் இந்நாட்டில் இன்றும் இருக்கின்றன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஆறு நாள் கொழுந்து பறித்தவன் ஏழாம் நாளில் ஒரு கூத்துப் பார்த்துவிட்டால் அவனுக்கு நரகமாம். கதை என்றால் பொய், பொய் பிசாசினுடையது, ஆகவே கதையும் பிசாசினுடையது என்பது இவர்களுடைய கணக்கு. இந்தக் கணக்கை அவர்கள் வேதத்தைக் கொண்டே சரிபார்ப்போம்.

ஏசுநாதர் ஜனங்களுக்குச் சொன்னவற்றில் பெரும் பாகம் கதைகள்தான். கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்தும் பாராதவர்போல் விலகிப் போனார்கள் என்றும், யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன் ஒருவனே அவனை எடுத்துக் காப்பாற்றினான் என்றும் ஒரு கதை சொன்னார். அந்தச் சமாரியனுக்குப் பேரென்ன, தகப்பன் யார் என்று எந்தப் பாதிரியாரும் கேட்பதில்லை. அது கட்டிச் சொன்ன கதை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். (புரோகிதனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக நாம்கூட எழுதியதில்லை.)

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்கிற பாத்திரம் அடைக்கும் தொழிலாளி, அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக 1660 முதல் 12 வருஷம் ஜெயிலில் கிடந்தார். அவர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதை 1678-ல் வெளியாயிற்று. அதை அச்சிடலாமா கூடாதா என்று தமது சிநேகிதர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஏற்பட்டதாக முகவுரையில் அவரே சொல்லுகிறார். வேதத்திலேயே உவமையும் உருவகமும் நிறைந்திருக்கும்போது தாம் எழுதினால் என்ன குற்றம் என்பது அவர் வாதம். வைஷ்ணவராய்ப் பிறந்து 1858-ல் கிருஸ்தவரான திருநெல்வேலிச் சீமை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, அதே கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை 1894-ல் வெளியிட்டார். மதம் மாறியும் அவருக்குக் கம்பன் நடை மாறவில்லை. சபையார் அவரைத் தள்ளிவிடவில்லை. கிருஸ்தவக் கம்பர் என்று பட்டம் கட்டிக் கொண்டாடினார்கள்.

ஆகவே கதை என்பதற்காகத் தடுக்கிறார்கள் என்பது சுத்தப் புரட்டு. யாருடைய கதை, யாருடைய பாட்டு என்பதுதான் சங்கதி.

நிற்க, நீலகிரிக்கே வருவோம். பாஸல் மிஷன் பாதிரிமார்கள் 1846-ல் கேத்தியில் தங்கிப் படகர்களிடையே வேலை தொடங்கினார்கள். படகர் வீட்டுச் சாவில் கோத்தர்கள் குழலும் மேளமும் வாசிப்பது அந்நாள் வழக்கம். செத்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றைக் கன்றின்மேல் ஏற்றி ஓட்டிவிடுவதும் உண்டு. லேவியராகமம் 16-ம் அதிகாரத்தைப் புரட்டினால், அங்கே ஆரோன் ஜனங்களின் பாவத்தை வெள்ளாட்டுக்கடாவின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டச் செய்கிறான். நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆடும் பாவம், கன்றும் பாவம். பாதிரியாருக்கோ ஒன்று வேதம், மற்றொன்று அஞ்ஞானம்!

தோடர்கள் சங்கதி இன்னும் கவனிக்கத்தக்கது. எமனோ என்னும் பேராசிரியர் 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி ஆராய்ந்து, தோடர் பாட்டுக்களைச் சேகரித்து 1971-ல் பெரிய புஸ்தகமாக வெளியிட்டார். பாட்டுக் கட்டுவது அங்கே வித்துவான்களின் ஏகபோகமல்ல. அநேகமாக எல்லாரும் கட்டுவார்கள். ஆனால் அப்பாட்டுக்கள் எருமையையும் பால்மனையையும் மந்தையும் விட்டு அதிக தூரம் போவதில்லை. கிருஸ்தவரான தோடர்களோ அவற்றைவிட்டுப் பிரிந்து தனிச் சமூகமாகிவிட்டார்கள். எருமை இல்லாதவன் எருமைப் பாட்டு எதற்குக் கட்டுவான்? மிஷனார் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கொடுத்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. எழுத்தைக் கொடுக்கும்போது பாட்டைப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்பதே நமது கேள்வி.

இதைவிட மோசமானது பறையின் கதை. சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், ராகதாளங்களோடு மாதாகோவிலுக்குள் தாராளமாய் நுழைந்தன. தாழ்த்தப்பட்ட கிருஸ்தவனுடைய பறை மாத்திரம் வாசலிலேயே நின்றது. தோல்தான் தீட்டு என்றால் மிருதங்கம் எதில் செய்தது? மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை’ என்று பேர் வைத்துக்கொண்டு, பறையையும் நாட்டுப்பாட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அவரும் நம்மைப்போன்ற நாஸ்திகரல்ல, கர்த்தரை நம்பியவர்தான். அதனால் யாருடைய விசுவாசம் குறைந்துபோயிற்று? ஆட்டங்கண்டது ஜாதித் திமிர்தான்.

புராணத்தைக் கண்டிக்கும் நீங்கள் கதைக்குப் பரிந்து பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கதையைக் கதை என்று சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும், நாமும் உட்கார்ந்து கேட்போம். நடந்தது என்று சாதித்துத் தட்சணைக்கோ காணிக்கைக்கோ கை நீட்டும்போதுதான் நமக்குச் சண்டை.

தோட்டத்து வாலிபர்கள் அடுத்த விடுமுறையில் ஒரு நாடகம் போடட்டும். பாதிரியார் கோபித்தால் அந்தச் சமாரியன் கதையையே போடலாம். சமாரியனுக்குத் தோட்டக் கூலியின் உடுப்பு, வருகைக்குப் பறை, முன்வரிசையில் பாதிரியாருக்கு ஒரு நாற்காலி. ஆசாரியன் விலகிப்போகும் கட்டத்தில் அவர் எழுந்து போகிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று தோழர்கள் நமக்கு எழுதட்டும்.