வலிமைக்கு எத்தனை பெயர்

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெங்த்’, ‘ஃபோர்ஸ்’ என இரு வேறு சொற்களாய் நிற்பவை போர்த்துகீசிய மொழியில் ‘ஃபோர்சா’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதைக் காணும் மொழிபெயர்ப்பாளன், அம்மொழி வறியது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவானாயின், அவன் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை என்பதே என் அபிப்பிராயம். இடர் கண்டு தளராத நெஞ்சுரத்தை, மணற்பருக்கையைக் குறிக்கும் ‘கிரிட்’ என்ற சொல்லால் ஆங்கிலேயர் உணர்த்த, போர்த்துகீசியம் பேசுவோர் விலங்கின் கூரிய நகத்தைக் குறிக்கும் ‘கார்ரா’ என்றும், நாரைக் குறிக்கும் ‘ஃபீப்ரா’ என்றும் சொல்கின்றனர். இத்தகைய ஜீவனுள்ள சொற்கள் மக்கள் நாவில் புழங்கிக்கொண்டிருக்க, ஆங்கில ‘ரெசிலியன்ஸ்’ சொல்லின் ஒலியை ஒட்டிய ‘ரெசிலியென்சியா’வையே எங்கும் பெய்து நிரப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

குணத்தைப் பற்றிய சொற்களிலோ அபாயம் இன்னும் அதிகம். பிரேசிலில் ஒருவருக்கு ‘ஜேனியோ ஃபோர்த்தே’ உண்டு என்றால், ஆங்கில ‘ஜீனியஸ்’ஸை நினைவூட்டினாலும், அவர் மேதை என்று பொருளன்று. எளிதில் சினம் கொள்பவர், வளையாதவர் என்பதே பொருள். ஆங்கிலக் ‘கேரக்டர்’ கதாபாத்திரத்தையும் குறிக்கும். போர்த்துகீசியத்தில் அதற்குப் ‘பெர்சொனாஜெம்’ என்ற தனிச்சொல் இருக்க, ‘கராத்தர்’ என்பதோ பெரும்பாலும் ஒழுக்கத்தின் உறுதியையே சுட்டும். பிரேசில் எழுத்தாளர் மாரியோ டி ஆந்த்ராடே 1928இல் வெளியிட்ட ‘மக்குனாயிமா’ நாவலின் நாயகனை, அந்தக் ‘கராத்தர்’ சிறிதும் இல்லாதவன் என்று உபதலைப்பிலேயே அறிமுகப்படுத்தியபோது, ஒழுக்கமின்மை, தனக்கென நிலைபெற்ற இயல்பின்மை ஆகிய இரு பொருளும் அந்த ஒரே சொல்லில் பிரிக்கவொண்ணாது கலந்து நின்றன.