நாற்காலி ஏறியதும் ஆதரவு இறங்குவதேன்?

"மக்கள் நன்றி கெட்டவர்கள்!"

தேர்தலில் தோற்ற மறுநாள் காலை, டீக்கடைப் பெஞ்சில் எழும் முதல் குரல் இதுதான். நேற்றுவரை மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மேடையில் முழங்கியவர்களே, இன்று மக்களைத் திட்டுகிறார்கள். நம் தோழர்களில் சிலரும் இந்தப் பல்லவியைப் பாடக் கேட்டிருக்கிறோம். கேட்டு வருந்தியிருக்கிறோம்.

இந்தப் பேச்சு சரிதானா? கடல் கடந்த ஒரு நாட்டின் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். அந்த நாடு அமெரிக்கா. ஜனாதிபதியின் செல்வாக்கை எண்ணிலே எழுதிவைக்கும் பழக்கம் அங்கே 1930-களிலேயே தொடங்கிவிட்டது. கேலப் என்ற நிறுவனம் நாட்டின் பல பகுதிகளிலும் ஆயிரம் பேர், ஆயிரத்தைந்நூறு பேர் எனத் தேர்ந்தெடுத்து ஒரே கேள்வியைக் கேட்டு வந்தது: ஜனாதிபதி தம் வேலையைச் செய்கிற விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?

கிடைத்த பதில்களைப் பாருங்கள். ட்ரூமனை 1945-ல் ஏற்றவர்கள் நூற்றுக்கு 87 பேர். 1952-ல் 22 பேர். நிக்சனை 1973 ஜனவரியில் ஏற்றவர்கள் 67. 1974 ஆகஸ்டில் 24. கார்ட்டருக்கு 1977-ல் 75, 1979-ல் 28. தந்தை புஷ்ஷுக்கு 1991-ல் 89, 1992-ல் 29. மகன் புஷ்ஷுக்கு 2001-ல் 90, 2008-ல் 25.

கட்சி வேறு, ஆள் வேறு, காலம் வேறு. கதை மட்டும் ஒன்று! இத்தனை முறையுமா மக்கள் நன்றி கெட்டுப் போனார்கள்? ஒரு நாடு முழுவதுமா எழுபது எண்பது ஆண்டுகளாகப் புத்தி தடுமாறி நிற்கிறது? இல்லை, தோழர்களே. காரணம் வேறு.

முதற் காரணம், ஆரம்பத்தில் கிடைக்கும் ஆதரவு முழுவதும் அவருடைய சொந்தச் சொத்து அல்ல. 1960-ல் கென்னடி ஜெயித்தார். கிட்டத்தட்ட 7 கோடி வாக்குகளில் அவருக்கும் நிக்சனுக்கும் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 12 ஆயிரம்தான். பாதிப்பேர் கூட அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனால் பதவியேற்ற சில வாரங்களில் அவரை ஏற்றவர்கள் நூற்றுக்கு 72 பேர். மிச்சம் 22 பேர் எங்கிருந்து வந்தார்கள்? எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்தாம் வந்தார்கள். "வந்தவர் வந்துவிட்டார், என்ன செய்கிறார் பார்ப்போம்" என்று வந்தார்கள்.

இது புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மூரில் சொல்வார்கள். நாலாம் நாள் மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறார் என்று மாமனார் வீட்டில் கேட்காமல் இருப்பார்களா? இந்த மரியாதையைத் தமக்கே உரிய சொத்தென்று எண்ணியவர்கள்தாம் பிறகு "ஆதரவு போயிற்றே" என்று அழுதார்கள்.

இப்போது அந்த விருந்தும் குறைந்துவிட்டது. கட்சிக்கோடு இறுகிவிட்டதால், எதிர்க்கட்சிக்காரர் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டிரம்ப் 2017-ல் பதவியேற்றபோது நூற்றுக்கு 45 பேர்தான் ஏற்றார்கள். அந்த நான்காண்டில் கேலப் கணக்கில் அவர் ஒருமுறைகூட 50-ஐத் தொடவில்லை.

இரண்டாவது காரணம், ஆளுவது என்றால் முடிவெடுப்பது. தேர்தல் மேடையில் எல்லோருக்கும் எல்லாம் தருவதாகச் சொல்லலாம். கையெழுத்துப் போடும் மேஜையில் அது நடக்காது. ஒரு கையெழுத்து ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். ஜான் முல்லர் என்ற அரசியல் ஆய்வாளர் 1970-ல் இதை விளக்கினார்: ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு சிறு கூட்டத்தைப் பகைக்க வைக்கிறது, அந்தச் சிறு கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து பெருங்கூட்டமாகிவிடுகின்றன.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆதரவு இறங்கியதெல்லாம் அவமானமல்ல. ஜான்சன் 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்திலும், 1965-ல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். தென் மாநிலங்களின் கறுப்பின மக்களை வாக்குச்சாவடி வாசலிலேயே தடுத்து நிறுத்திய தந்திரங்கள் அதனால் தகர்ந்தன. வெள்ளைநிறவெறி பிடித்தவர்கள் அவர்மீது சீறினார்கள். சீறட்டும்! அப்படி இழந்த ஆதரவு மார்பிலே பட்ட காயம்.

ஆனால் அதே ஜான்சன் முதுகிலும் காயம் வாங்கினார். அதற்குப் பெயர் வியட்நாம். 1964-ல் நூற்றுக்கு 61 வாக்கு வாங்கி வென்றவர், யுத்தத்தைப் பெரிதாக்க மாட்டேன் என்ற தோற்றத்தோடு வந்தவர், 1968-க்குள் 5 லட்சம் சிப்பாய்களை அங்கே குவித்தார். அந்த ஓராண்டில் மட்டும் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வாலிபர்கள் மாண்டார்கள். செத்த வியட்நாம் மக்களோ அதைவிடப் பன்மடங்கு. வெற்றி அருகில் வந்துவிட்டது என்று சர்க்கார் சொல்லிக்கொண்டே இருந்தது. சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. 1968 மார்ச் 31-ல், மறுபடி நிற்கமாட்டேன் என்று ஜான்சனே அறிவிக்கும்படி ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அவரை ஏற்றவர்கள் 35 பேர்.

மூன்றாவது காரணம்தான் நமக்கு முக்கியமானது. அது அடுப்படிக் கணக்கு.

தந்தை புஷ் 1991-ல் வளைகுடா யுத்தத்தை முடித்தபோது நூற்றுக்கு 89 பேர் கை தட்டினார்கள். யுத்தக் களத்திலிருந்து கண்ணைத் திருப்பித் தன் வீட்டைப் பார்த்தான் தொழிலாளி. ஆலை மூடிக் கிடந்தது. 1992 ஜூனில் வேலையில்லாதோர் 7.8 சதவீதம். புது வரி போடமாட்டேன் என்று 1988-ல் சத்தியம் செய்தவர் 1990-ல் வரியை உயர்த்தியிருந்தார். அந்த நவம்பரில் அவருக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு 37. வெற்றி அணிவகுப்பு வயிற்றை நிரப்புமா?

பைடன் கதையும் அதுவே. 2021 ஜனவரியில் 57. ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து குழப்பத்தோடு படைகள் வெளியேறின, செப்டம்பரில் 43. அடுத்து விலைவாசி ஏறியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பதாண்டில் காணாத உயரம். ஜூலையில் ஆதரவு 38. பிற்பாடு, "பணவீக்கம் குறைந்துவிட்டதே, ஏன் இன்னும் கோபம்?" என்று பொருளாதார நிபுணர்கள் கேட்டார்கள்.

நிபுணருக்குப் புரியாதது மளிகைக் கடைக்குப் போகும் தாய்மார்களுக்குப் புரியும். 100 ரூபாய்ப் பொருள் 109 ஆகிறது. அடுத்த ஆண்டு ஏற்றம் 3 சதவீதம்தான் என்றால் விலை 100-க்கா திரும்புகிறது? 112-ஐத் தாண்டுகிறது! வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. கூலி அதே அளவு ஏறாத வீட்டில் சர்க்காரின் புள்ளிவிவரத்தை யார் கேட்பார்கள்?

ஒபாமாவை எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரியில் ஏற்றவர்கள் 67 பேர். பெரும் நம்பிக்கையோடு மக்கள் கொண்டுவந்த மனிதர். பாங்குகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் வரை செலவிடும் சட்டம் அவருக்கு முன்பே, 2008 அக்டோபரில், மகன் புஷ் ஆட்சியில் வந்தது. அந்த மீட்பு வேலையை ஒபாமா தொடர்ந்தார். பாங்குகள் பிழைத்தன. கடனுக்கு வீட்டைப் பறிகொடுத்த லட்சோபலட்சம் குடும்பங்கள் தெருவில் நின்றன. 2009 அக்டோபரில் வேலையில்லாதோர் 10 சதவீதம். 2010 நவம்பரில் அவரது கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. முதலாளிக்கு ஓடோடி வந்த உதவி தொழிலாளிக்கு மட்டும் ஆமைபோல் நகர்ந்தால், தொழிலாளி என்ன செய்வான்?

நான்காவது காரணம் நம்பிக்கை துரோகம். நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றவர். வாட்டர்கேட் களவும் அதை மூடிமறைத்த பொய்களும் அவரை 1974 ஆகஸ்ட் 9-ல் வெளியேற்றின. பின்வந்த போர்டு ஆகஸ்டில் 71-ல் தொடங்கினார். செப்டம்பர் 8-ல் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த மாத இறுதியில் 50! மகன் புஷ் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று சொல்லி 2003-ல் படையெடுத்தார். ஆயுதம் கிடைக்கவில்லை, பொய் மட்டும் கிடைத்தது.

அப்படியானால் இறங்குவது விதியா? விதி அல்ல. ரீகன் 1983 ஜனவரியில் 35-க்கு விழுந்தார். அப்போது வேலையில்லாதோர் 10 சதவீதத்துக்கும் மேல். வேலை திரும்பியது, 1984-ல் 49 மாநிலங்களை வென்றார். கிளின்டன் வந்தபோது இருந்ததைவிடப் போகும்போது அதிக ஆதரவோடு, 66-ல், போனார்.

ஆனால் எண்ணையே கும்பிடவும் வேண்டாம். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 11 ஆயிரம் பேருக்கு மேல் ஒரே அடியில் வேலைநீக்கம் செய்தவர் இந்த ரீகன். ஆதரவு உயர்ந்தவரெல்லாம் உழைப்பாளியின் நண்பரல்ல.

இது அமெரிக்காக்காரன் பாடு, நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. டிரம்ப் 2025-ல் இரண்டாம் முறை வந்தபோது 47, நவம்பரில் 36. இடையே ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 சதவீதம் வரி விழுந்தது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. அந்த வரியைக் கட்டியது அங்குள்ள இறக்குமதி வியாபாரி. அவர் அதை விலையில் ஏற்றினார். பனியன் தைத்தவன் இங்கே வேலைக்கு ஏங்கினான். அதை வாங்கி உடுத்துகிறவன் தலையில் அங்கே விலை ஏறியது. இரண்டு தொழிலாளிக்கும் அடி ஒரே கையெழுத்தால் வந்தது.

ஆகவே தோழர்களே, "மக்கள் நன்றி கெட்டவர்கள்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஓட்டு என்பது மக்கள் நமக்குத் தந்த கைமாற்று. கொடுத்தவர் திருப்பிக் கேட்பது நன்றிகேடா?

வெற்றி பெற்றால் மறுநாளே வீதிக்குப் போங்கள். ரேஷன் கடையில் என்ன பேச்சு, ஆலை வாசலில் என்ன குமுறல் என்று கேளுங்கள். கேட்டதை ஒளிக்காமல் தலைமைக்குச் சொல்லுங்கள். முடியாததை முடியாது என்று மக்களிடமே சொல்லுங்கள். நியாயத்துக்காக ஆதரவை இழக்க நேர்ந்தால் தலைநிமிர்ந்து இழப்போம். பொய்யாலும் மெத்தனத்தாலும் இழந்தால், குற்றவாளி மக்கள் அல்ல; நாம்தான்!