பங்கின் திறவுகோல் யாரிடம்?

கோயிலுக்கு வண்ணக்கரைக் குடிமக்கள் தெரிவுசெய்வதும், வயலுக்கு வட்டவிதானையை வயற்காரர் தெரிவுசெய்வதும் மட்டக்களப்பு மண்ணின் மரபு. நாளை ஓர் அதிகாரி பனிச்சங்கேணிக்கு வந்து, "கோயில் திறந்தே இருக்கும், வயலும் உங்களுடையதே. ஆனால் வண்ணக்கரையும் விதானையையும் இனி அரசாங்கமே நியமிக்கும்" என்று அறிவிப்பாராயின், எம்மக்கள் அதனை ஏற்பரோ?

பொதுவுடைமை ஆட்சிகள் திருச்சபைகள்மீது கையாண்ட வழி இதுவே. போலந்து அரசு 1953 பெப்ரவரி 9ஆம் நாள் பிறப்பித்த கட்டளை, திருச்சபைப் பதவிகளை நிரப்புவதற்கும் நீக்குவதற்கும் அரசின் முன்னிசைவு வேண்டும் என்றது. ஆயர்கள் இணங்க மறுத்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் கர்தினால் விஷின்ஸ்கி சிறைப்பிடிக்கப்பட்டார். 1956இலேயே விடுதலை பெற்றார். சோவியத் நாட்டிலோ, 1929ஆம் ஆண்டுச் சட்டம் பங்கின் நிர்வாகக் குழுவிலிருந்து எவரையும் நீக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1961இல், அரசின் நெருக்குதலால், குருவானவரே பங்கின் நிர்வாகத்திலிருந்து விலக்கப்பட்டார். வழிபாடு அவருக்கு, பணமும் பொறுப்பும் அரசுக்கு உகந்தவருக்கு!

இவை தொலைதூரத்துக் கதைகள் என்று நாம் வாளாவிருக்கலாமா? பொதுவுடைமை ஆட்சி இல்லாத நம் நாட்டின் நிலையை நோக்குவோம்.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமய நிறுவனத்தின் யாப்பையும் அதன் ஆளுஞ்சபையின் இசைவின்றிப் பாராளுமன்றம் மாற்றலாகாது என்று விதித்தது. அப்பிரிவு அனைத்தையும் காத்துவிடவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. எனினும், சபையின் யாப்பைத் தொடச் சபையைக் கேட்கவேண்டும் என்ற வரம்பு நின்றது. 1972இன் குடியரசு அரசியலமைப்பு அவ்வரம்பை நீக்கியது. 1978இன் அரசியலமைப்பு வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கூறுகிறது. இசைவு வேண்டும் என்ற அவ்விதியை மீட்டுத்தரவில்லை.

விளைவு யாது? கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதனால் அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டது என 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு கண்டது. 2008இல் வெளிவந்த அமைச்சுச் சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்னனுமதி வேண்டும் என்றது. பாராளுமன்றம் இயற்றாத அத்தாளைக் காட்டிச் சிறு சபைகளிடம் பதிவு கோரப்பட்டது.

சமய நிறுவனங்கள் சட்டத்துக்கு மேற்பட்டவை என்று நாம் கூறவில்லை. கணக்கில் மோசடி இருப்பின் நீதிமன்றம் விசாரிக்கட்டும். குற்றம் புரிந்தவர் காவியணிந்தாலும் அங்கியணிந்தாலும் தண்டனை பெறட்டும். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை வேறு, ஆளை நியமிக்கும் அதிகாரம் வேறு. முன்னதை ஒப்புக்கொள்ளும் நாம், பின்னதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம்.

ஆதலின், இனி இயற்றப்படும் எந்த அரசியலமைப்பிலும் 1972இல் இழந்த அவ்விதி மீண்டும் இடம்பெறவேண்டும். தேவாலயத்துக்கு மட்டுமன்று, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் அது ஒப்ப உரியதாகவேண்டும். இக்கோரிக்கையைச் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே குரலில் எழுப்புக என அழைக்கிறோம். அயலவன் ஆலயத்துக்கு நேர்வதை இன்று பார்த்திருப்போமாயின், நாளை நம் கோயிலுக்காகப் பேச அயலவன் வரமாட்டான்.