பின்சில்லின் ஓசை

வயது முதிர்ந்த கார் ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதன் சத்தங்கள் யாவும் வீட்டாருக்குப் பழகிப்போகின்றன. கதவு கிறீச்சிடுவதையும் இருக்கை முனகுவதையும் எவரும் பொருட்படுத்துவதில்லை. பிரேக்கின் ஓசையையும் அந்த வரிசையிற் சேர்த்துவிடுவது தவறு. அதனினும் பெருந்தவறு, நாட்கணக்காகக் கீச்சிட்டுவந்த பின்சில்லு ஒருநாள் தானாகவே மௌனமாகிவிட, "சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்திருத்தலாகும்.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வகுத்த இக்கார் 1948இல் இலண்டன் கண்காட்சியொன்றில் அறிமுகமாகியது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும் நம் நாட்டுத் தெருக்களில் இன்னும் ஓடுகின்றது. 1990களில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நிலவிய யாழ்ப்பாணத்தில் இத்தகைய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையைப் பிள்ளைகள் தம் பாட்டனாரிடம் கேட்டறியலாம்.

இதன் நான்கு சில்லுகளிலும் டிறம் பிரேக்கே உண்டு. சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணமே டிறம். அதனுள்ளே பிறை வடிவான சூக்கள் இரண்டு. அவற்றின் முதுகிலே லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டை. மிதியை அழுத்தியதும் பிரேக் திரவம் சிலிண்டரின் தண்டைத் தள்ள, சூக்கள் விரிந்து டிறமைப் பற்றுகின்றன. நான்கு சில்லுகளுக்கும் திரவம் செல்லும் வழி ஒன்றே என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். பின்சில்லு ஒன்றிலே திரவம் ஒழுகித் தீர்ந்தால் முன்சில்லுகளும் பிடிக்கமாட்டா. பின்னாளில் வந்த கார்களில் இவ்வழியை இரண்டாகப் பிரித்தமைக்குக் காரணம் இதுவே.

சத்தம் பின்னிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் நிச்சயித்தல் வேண்டும். இக்காரின் கைபிரேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். ஆளரவமற்ற சமதரையிலே நடைவேகத்திற் செலுத்தி, கைபிரேக்கின் பொத்தானை அழுத்தியவாறே மெல்ல இழுத்துப் பாருங்கள். அதே ஓசை எழுந்தால் பின்சில்லே காரணம். பிரேக் பிடியாதபோதும் ஓயாது இரைந்தால் சில்லின் பெயாரிங்கையும் சேர்த்து ஐயுறுக.

ஓசையின் தன்மையும் பேசும். கீச்சென்ற மெல்லிய ஒலி பெரும்பாலும் தூசியாலோ, லைனிங் கண்ணாடிபோல் வழவழத்துப் போவதாலோ எழுவது. வயலின் வில் நரம்பைப் பற்றியும் வழுக்கியும் நாதம் எழுப்புவது போன்றே லைனிங்கும் டிறமை அதிரச் செய்கின்றது. மழையில் நனைந்து நின்ற கார் காலையில் இருமுறை கரகரத்து அடங்கினால் அது மெல்லிய துருவே, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், இரும்போடு இரும்பு அரைபடும் ஒலி கேட்டால் லைனிங் தேய்ந்து றிவெற் ஆணிகள் டிறமைக் கீறுகின்றன என்று கொள்க. அதன்பின் அக்காரை ஓட்டுதல் ஆகாது.

டிறமைக் கழற்றாமல் இதற்கு மேல் அறிய இயலாது. கழற்றுவதற்குக் கைபிரேக்கைத் தளர்த்த வேண்டியிருப்பதால் முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் அவசியம். ஜக்கை மட்டும் நம்பாது அச்சின் கீழ் உறுதியான தாங்கியும் வைக்க வேண்டும். உள்ளிருக்கும் கரிய தூளை வாயால் ஊதலாகாது; காற்றுக் குழாயாலும் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைத் தூர நிறுத்துங்கள்.

டிறமைத் தூக்கிப் பிடித்து, சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் செய்வதுபோல, விரல்முட்டியாலோ சிறு கட்டையாலோ தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்று, மொத்தென்றால் வெடிப்பிருக்கக் கூடும்.

உள்ளே ஈரம் தென்பட்டால் அதுவே நாம் தேடிய கள்வன். லைனிங் நனைந்தால் சிலவேளை கீச்சொலி அடங்கிவிடும். பிடிப்பும் அதனோடு போய்விடும். அந்த ஈரம் சிலிண்டரிலிருந்து வந்த பிரேக் திரவமா, பின்னச்சிலிருந்து கசிந்த கியர் எண்ணெயா? இதை அறிய மாணவர்க்கு ஏற்ற எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணாடிக் குவளை நீரிலே சில துளிகளை விடுங்கள். எண்ணெய் மிதக்கும், வழக்கமான பிரேக் திரவம் நீரோடு கலந்துவிடும். கலந்தால் சிலிண்டரைப் பழுது பார்த்தோ மாற்றியோ முடிக்கும்வரை கார் வாசல் தாண்டக் கூடாது. மிதந்தால் அச்சின் முனையிலுள்ள சீலையும் அட்டையையும் மாற்ற வேண்டும். இரண்டில் எதுவாயினும் நனைந்த லைனிங் பயன்படாது. அதைப் பெற்றோலிற் கழுவி மீண்டும் பூட்டும் சிக்கனத்தை எந்தக் கராச்சில் கண்டாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஊறிய எண்ணெய் சூடேறியதும் திரும்ப வெளிவரும். சூக்களை இரு பக்கமும் ஒருங்கே மாற்றுவதே முறை. ஒரு பக்கம் மட்டும் புதிதாயின் கார் ஒருபுறம் இழுக்கும்.

ஈரமில்லை, ஆயினும் ஒரு சூ மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. இக்காரின் பின்சிலிண்டர் தன் இருக்கையிலே சற்று நகர்ந்து கொடுத்தாற்றான் இரு சூக்களும் சமமாக அழுந்தும். நம் கடற்காற்றில் அது துருப்பிடித்து இறுகிவிடுவது வியப்பன்று. அதனைக் கழற்றித் துடைத்து, லைனிங்கில் படாமல் உரிய கிறீஸை மெல்லப் பூச வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளிறங்கினால் எங்கோ கசிவு இன்னும் உளது. இறங்காவிடின் அருகிலுள்ள ஒழுங்கை ஒன்றில் சிறிது ஓட்டிவந்து, இரு பின் டிறம்களருகே புறங்கையைத் தொடாமற் கொண்டுசென்று வெம்மையை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அப்பக்கத்துச் சூ விடாது பற்றிநிற்கிறது என்று அறிந்து, அந்த டிறமை மறுபடியும் கழற்றுங்கள்.