தொழில்: இல்லை

செத்துப்போனவர்களுக்கு ஒரு ஃபாரம் இருக்கிறது. என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? இறப்பைப் பதிவு செய்வதற்கான படிவம். நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பெயர், வயசு, எங்கே இறந்தார், கடைசியில் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வரும். புகைப் பழக்கம் உண்டா, உண்டென்றால் எத்தனை வருஷமாக? புகையிலை மெல்லுவாரா, எத்தனை வருஷமாக? பாக்கு போடுவாரா, எத்தனை வருஷமாக?

அம்மா பாக்கு போடுவாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு வெற்றிலை. அதற்கு வருஷக் கணக்கு வேண்டுமாம் அரசாங்கத்துக்கு. சரி, எழுதினேன். நாற்பது.

அதே தாளில் 'தொழில்' என்று ஒரு கட்டம். எப்படி நிரப்புவது என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: தொழில் ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதவும்.

எனக்குக் கை ஓடவில்லை. 'வீட்டு வேலை' என்று எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஆயா யார் வீட்ல வேலை செஞ்சாங்க?"

"எங்க வீட்லதான்."

"சொந்த வீட்ல செய்றது வேலையா? இல்லைன்னு போடும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு." சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. முடிந்தது.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. படிவத்தில் இருப்பதைத்தான் சொன்னார். பாக்கு போட்டதற்கு நாற்பது வருஷம், சோறு போட்டதற்கு 'இல்லை'. இதை யோசித்து அச்சடித்தார்களே, அவர்கள் வீட்டில் யார் சோறு போட்டார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அம்மா ராயபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் மலையாகக் கிடந்த காலம். அந்தத் தெருக்களில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் எந்த நிறத்தில் எடுப்பீர்கள்? துடைத்த துணியைப் பிழிந்தால் பக்கெட் கறுத்துவிடும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், காற்று கடலிலிருந்து திரும்பினால் சாயங்காலம் இன்னொரு தரம். சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. கைக்குழந்தையைத் தரையில் விட முடியாது. விட்டால் முட்டி கறுப்பு, உள்ளங்கை கறுப்பு, வாய் கறுப்பு. நான்தான் அந்தக் குழந்தை.

ஜனங்கள் வருஷக்கணக்கில் கத்தினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல் அங்கே கரி இறக்குவது நின்றது. எல்லாம் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. நல்ல சேதிதானே? நாங்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே ராயபுரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல், கையில் இருந்ததைப் போட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். சிரிக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருந்தது. பின்னாலேயே கரியும் வந்து சேர்ந்தது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். மூடினால் என்ன, வடசென்னை நிலையம் இருக்கிறதே. ராயபுரத்தில் கறுப்பு, இங்கே கறுப்போடு சாம்பலும். ஆனால் துடைக்கிற ஆள் மட்டும் மாறவில்லை.

ஒரு சின்னக் கணக்கு கேட்கிறேன். லாரியில் தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டவில்லை, குவியல் மேல் தண்ணீர் தெளிக்கவில்லை, சாம்பல் போகிற குழாயில் ஓட்டையை அடைக்கவில்லை. இதில் யாருக்கோ காசு மிச்சமாகியிருக்கும் இல்லையா? அது லாப வரவில் ஏறியிருக்கும். செலவு எங்கே எழுதப்பட்டது? அம்மாவின் முட்டியில். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குனிஞ்சு துடைக்கிறதை நிறுத்துங்கம்மா" என்றார். ஏதோ அவள் பொழுதுபோகாமல் துடைத்த மாதிரி!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது ஞாபகம் இருக்கும். ஆற்றோரத்து வீடுகளில் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய், பாதித்த குடும்பத்துக்கு 7,500 என்று நிவாரணம் அறிவித்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டி, பாய், கதவு, படிக்கட்டு என்று மண்ணெண்ணெயையும் சோப்புத்தூளையும் போட்டுத் தேய்த்தது யார்? அந்தக் கையை எந்த அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டு போனார்?

தண்ணீர்க் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, வடசென்னைக்காரர் யாருக்கும் தெரியும். லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு ஹாரன் கேட்டால் தெருவில் ஒரு ஆம்பளை எழுந்திருக்க மாட்டார். "நாளைக்கு ஷிப்ட் இருக்கு." ஆமாம், ஷிப்ட். அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், ஃபேக்டரியில் இருந்த அண்ணனுக்கு ஒரு ஷிப்ட், எங்களுக்குப் பள்ளிக்கூடம். நைட் ஷிப்ட் போனால் அலவன்ஸ் உண்டு, ஓவர்டைம் பார்த்தால் காசு உண்டு. மூன்று ஷிப்டுக்கும் டிபன் பாக்ஸ் கட்டியவளுக்கு என்ன உண்டு? மீந்தால் குழம்பு உண்டு.

அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்தது. வருஷா வருஷம் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதை அவள் நிரூபிக்க வேண்டும். மெஷினில் விரலை வைக்கச் சொல்வார்கள். வைப்பாள். சிவப்பு லைட். துடைத்துவிட்டு வைம்மா. சிவப்பு. வேற விரல். சிவப்பு. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறாள், மூச்சு விடுகிறாள், "தம்பி, ஒரு வாய் தண்ணி குடு" என்று கேட்கிறாள், மெஷின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடையிலும் அதே பாடு. சாம்பலும் சபீனாவும் போட்டு ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்ததில் ரேகை தேய்ந்துவிட்டது. அவள் உழைத்தாள் என்பதற்கு அரசாங்கத்திடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சிவப்பு லைட்தான். அதைப் பார்த்துவிட்டும் 'இல்லை' என்று எழுதச் சொல்கிறார்கள்.

நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்ப்பவர்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து வருமானம் தராத பட்டியலில் வைத்திருந்தார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றமே அதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டுத் தீர்ப்பில் எழுதியது. அது என்ன வழக்கு தெரியுமா? ரோடு விபத்து. இங்கேதான் வயிறு எரிகிறது. வீட்டில் இருக்கிற பெண்ணின் வேலைக்கு இந்த நாட்டில் ஒரு விலை உண்டு. ஆனால் அவள் வண்டியில் அடிபட்டுச் செத்தால்தான் அதைப் போடுவார்கள். 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணையில், சம்பாத்தியம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவே மனைவியாக இருந்தால் புருஷன் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது. அதாவது புருஷனுக்கு இன்கிரிமென்ட் வந்தால் இவள் வைக்கிற ரசத்துக்கும் விலை கூடும்! நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009-லேயே இப்படி ஒரு விபத்து வழக்கில், வீட்டு வேலையின் மதிப்பை ஒழுங்காகக் கணக்குப் போடுங்கள் என்று விரிவாக எழுதினார். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, புருஷன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டவளுக்கும் சம பங்கு உண்டு என்றார். நல்ல மனுஷர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி இடித்திருந்தால் ட்ரிப்யூனலில் உட்கார்ந்து அம்மாவின் சமையலுக்கு ரூபாய் கணக்குப் போட்டிருப்பார்கள். அவள் எண்பத்தாறு வயசில் கட்டிலில் தூக்கத்தில் போனாள். ஆகவே, இல்லை.

"கல்யாணச் சாவு" என்றார்கள் வந்தவர்கள் எல்லாம். செட் மேளம், பூப்பல்லக்கு, ராத்திரி முழுக்க கானா. வாழ்ந்த வாழ்க்கைக்கு அது தகும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் போட்டோ கிடைக்கவில்லை. அம்மா தனியாக நின்ற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாரோ கல்யாண ஆல்பத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓரமாக நின்றதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மேலே இரண்டு பக்கமும் கட்சித் தலைவர்கள். நடுவில் ஏரியா பிரமுகர், கைகூப்பியபடி, ஆளுயரத்துக்கு. கீழே ஒரு வட்டத்துக்குள் அம்மா. "தெய்வத்திரு இன்னார் அவர்களின் மனைவியும், இன்னார் அவர்களின் தாயாரும், இன்னார் அவர்களின் மாமியாருமான" என்று மூன்று ஆம்பளைப் பெயர் தாண்டித்தான் அவள் பெயர் வருகிறது. அதிலும் ஒரு எழுத்துப் பிழை. பிரமுகர் பெயரில் பிழையே கிடையாது, இனிஷியல் இரண்டும் சரியாக இருந்தது.

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபோது அம்மா இருந்தாள். பென்ஷன் வருகிற வீடு என்பதால் அவளுக்குக் கிடையாது. அதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை. ஆனால் தெருமுனை டீக்கடையில் ஒருத்தர் சொன்னாரே, "சும்மா வூட்ல குந்தினு இருக்கிறவங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா, நாடு எங்க உருப்படும்?" காலை பதினோரு மணிக்கு, இரண்டாவது டீ குடித்துக்கொண்டு, பெஞ்சில் குந்தினு இருந்துதான் சொன்னார். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதிலேயே நாளுக்கு 299 நிமிஷம் போகிறது என்று வந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆயிரத்தை மாசத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. அவர் குடித்த டீ அதைவிட ஜாஸ்தி.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற அன்றைக்கு மேலூர் திருவுடையம்மனைக் காலையிலும், திருவொற்றியூர் வடிவுடையம்மனை உச்சியிலும், திருமுல்லைவாயில் கொடியிடையம்மனை சாயங்காலமும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும். எத்தனையோ பேர் போகிறார்கள். பெரிய காசியாத்திரை எல்லாம் கிடையாது. காலையில் போனால் டிபன் யார் கட்டுவது? சாயங்காலம் போனால் ராத்திரிச் சோறு? ஆகவே உச்சிக்கு மட்டும், அதுவும் உலையை இறக்கி வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வடிவுடையம்மன். 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்தபோது "இப்ப போகலாம்மா" என்றேன். ஸ்டேஷன் படியைப் பார்த்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டாள்.

காரியம் முடிந்த கையோடு அண்ணன் வீட்டில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். அண்ணி வேலைக்குப் போகிறவள், அண்ணனுக்குச் சுகர், வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். வந்த அக்கா உட்காரும் முன்பே பேசி முடித்துவிட்டாள். ரெண்டு வேளைச் சமையல் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். பொங்கலுக்குப் புடவை, தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ். நெத்திலி ஆய மாட்டேன், ஆய்ந்து வாங்கி வைங்க. "தொடைக்கிறது தனி. இந்தப் பக்கம் தூசி ஜாஸ்தி, ரெண்டு வேளை தொடைக்கணும்னா ரெண்டுக்கும் காசு."

அவள் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "ரொம்ப ஜாஸ்தியா கேக்குது இல்ல?" என்றான்.

"கொறைச்சுத்தான் கேட்டிருக்காங்க" என்றேன். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறோம்.