அந்தக் கறுப்புத் திரையைத் தூக்கிவிடாதீர்கள்

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும் மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்குப் போகும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அதே மாதம்தான் கல்லூரிச் சேர்க்கையும். எங்கள் வீட்டுத் திண்ணைக்குத் தம்பி தங்கைகள் பழைய லேப்டாப்போடு வருவார்கள். அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, ஆன் பண்ணினா ஒரு கறுப்பு ஸ்கிரீன் வருது, விண்டோஸா லினக்ஸான்னு கேக்குது. அந்த லினக்ஸைத் தூக்கிருங்க."

நான் தூக்க மாட்டேன். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் காலனி மக்களின் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். பிணத்தை வயல் வரப்பில், முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனோம். அந்த ஊர்வலத்தை ஒரு தம்பி செல்போனில் படம் எடுத்தான். வேலிக்கல்லின் படம், முந்தைய ஆண்டுகளில் அதே பாதையில் பாடை போன படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நில அளவை நகல் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருந்தன. மறுநாள் மனு கொடுக்க வேண்டும். பிரிண்ட் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டரில் செருகினோம். திரும்ப எடுத்துப் பார்த்தால் கோப்புகளைக் காணோம், இருந்ததெல்லாம் வெறும் ஷார்ட்கட்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. "வைரஸ் தம்பி. எல்லாம் போச்சு. ஃபார்மேட் அடிச்சிருவோம்" என்றார். படம் எடுத்த தம்பியின் செல்போனில் இடம் இல்லாததால் அவன் அதில் இருந்ததை ஏற்கெனவே அழித்துவிட்டான். அந்தப் பென்டிரைவை ஃபார்மேட் அடித்தால் சுடுகாட்டுப் பாதை இருந்ததற்கு எங்கள் கையில் சாட்சி இல்லை.

என் தங்கச்சியின் அரசு லேப்டாப் வீட்டில் இருந்தது. அதுவரை அந்தக் கறுப்புத் திரையில் இரண்டாவது வரியை யாரும் அமுக்கியதில்லை. அன்று இரவு அமுக்கினோம். பாஸ் லினக்ஸ் திறந்தது. பென்டிரைவைச் செருகினால் படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் போலி ஷார்ட்கட்டை வைக்கிறது. விண்டோஸின் அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை, அந்த வைரஸ் லினக்ஸில் ஓடவும் செய்யாது. மாயம் ஒன்றும் இல்லை, விஷயம் அவ்வளவுதான். மறுநாள் மனு போனது. பாதை திறக்க அதற்குப் பிறகும் நெடுநாள் ஆனது, அது வேறு கதை. ஆனால் கையில் ஆதாரம் இருந்தது.

அந்த இரண்டாவது வரி அங்கே எப்படி வந்தது? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாக லட்சக்கணக்கில் லேப்டாப் வந்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போடப்பட்டிருந்தது. உலகத்தில் ஆர்வலர்கள் மெனக்கெட்டுச் செய்துகொள்ளும் 'டூயல் பூட்' நம் சேரிப் பிள்ளைகளின் கைக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே எல்காட்டை லினக்ஸ் பக்கம் திருப்பியவர் அப்போதைய நிர்வாக இயக்குநர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸைப் போட வைத்து, அரசுப் பணத்தை ஏன் உரிமக் கட்டணமாகக் கொட்ட வேண்டும் என்று கேட்டவர். அவர் ஒரு தலித் அதிகாரி. 2010 ஜூலையில் அவருடைய சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டித் தமிழக அரசு அவரை இடைநீக்கம் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய எல்லாக் கருத்தோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கணினியில் லினக்ஸ் வந்த வரலாற்றில் ஒரு தலித் அதிகாரியின் பெயர் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்படியென்றால் விண்டோஸைத் தூக்கி எறியவா?" என்று சில தோழர்கள் உற்சாகமாகக் கேட்கிறார்கள். அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதே. கல்லூரி ஆய்வகத்தில் விண்டோஸ்தான். டேலி கற்றுக்கொண்டு கணக்கு எழுதப் போகும் தங்கைக்கு விண்டோஸ் வேண்டும். டி.டி.பி. சென்டர் வேலைக்குப் போகிற தம்பிக்குப் பேஜ்மேக்கர் தெரியாவிட்டால் சம்பளம் இல்லை. 2010-லேயே யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த மனுக்கள் இன்னமும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கொள்கைக்காக நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. மேல்தட்டு ஆர்வலர்கள் 'லினக்ஸ் மட்டும்தான் அறம்' என்று பேசலாம். அவர்களுக்கு ஒரு வேலை போனால் இன்னொரு வேலை காத்திருக்கிறது.

ஆனால் விண்டோஸ் மட்டும் போதும் என்பதற்கும் நாம் விலை கொடுக்கிறோம். நம் தெருக்களில் ஓடுவதில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. கடைக்காரர் முந்நூறு, நானூறு வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிற திருட்டுப் பிரதி. பூட்டை உடைக்க அதோடு சேர்த்துப் போடும் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. சாதிச் சான்று, ஆதார், வங்கி விவரம், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வன்கொடுமை வழக்கின் ஆவணம் எல்லாவற்றையும் அந்தக் கணினியில்தான் வைக்கிறோம். எதைச் செய்தாலும் நம்மைக் குற்றவாளியாகப் பார்க்கக் காத்திருக்கும் சமூகத்தில், திருட்டு மென்பொருள் வைத்திருக்கிறான் என்ற பெயரும் எதற்கு? லினக்ஸைப் படியெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது திருட்டே இல்லை. அதன் உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

இன்னொன்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப் வேண்டும், குறிப்பிட்ட வகைப் பிராசஸர் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய அரசு லேப்டாப்புகளில் அவை கிடையாது. புதிது வாங்க முடிந்தவன் வாங்கிக்கொள்வான். முடியாதவனின் கணினி குப்பை என்று எங்கோ இருக்கிற ஒரு நிறுவனம் தீர்மானிக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் அறிவித்தது நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், கொரோனா காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது, ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஓடுகிற ஒரு லேப்டாப்பைக்கூடப் பரணில் போட நமக்கு வசதியில்லை.

சரி, எப்படிச் செய்வது? பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அவசரப்படக் கூடாது.

முதலில், எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு நான் கை கொடுப்பதில்லை. புதிய லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' உள்ளே போய் வட்டில் ஒரு பகுதியைச் சுருக்கிக் காலியிடம் உண்டாக்குங்கள். 40 ஜிபி இருந்தால் தாராளம். அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுதும்போது சிக்கல் வரும்.

மூன்றாவது, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் லினக்ஸை ஏற்றுங்கள். 4 ஜிபி ரேம் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 2 ஜிபி என்றால் லுபுண்டு மாதிரி இலகுவானது. நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது, நிறுவும்போது 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற தெரிவை எடுங்கள். 'வட்டு முழுவதையும் அழி' என்ற வரியும் அருகிலேயே இருக்கும். இரண்டு முறை படித்துவிட்டு அமுக்குங்கள். முடிந்ததும் கிரப் என்கிற அந்தக் கறுப்புத் திரை வரும்.

ஐந்தாவதை யாரும் சொல்வதில்லை. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் சரிசெய்யலாம். சின்ன விஷயம் என்று விடாதீர்கள். நம் கோப்புகளில் சில நாளைக்குச் சாட்சியாக நிற்க வேண்டியவை. சம்பவம் மாலை ஆறு மணிக்கு என்று மனுவில் எழுதிவிட்டு, சேமித்த கோப்பு மதியம் பன்னிரண்டரை என்று காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா?

பிறகு தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். லினக்ஸில் அது கிடைக்கிறது. லிப்ரே ஆபிஸில் மனு அடிக்கலாம், கிம்ப்பில் போஸ்டர் செய்யலாம்.

"இதெல்லாம் படித்தவர்களுக்கு" என்கிறவர்களுக்கு இரண்டு ஊரைக் காட்டுகிறேன். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதே லினக்ஸில்தான். பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றை, கட்டற்ற மென்பொருள் தோழர்களும் அப்பகுதி மக்களும் சேர்ந்து நடத்தினார்கள். மற்றவர்கள் கழித்துப்போட்ட கணினிகளில் லினக்ஸைப் போட்டுக் குடிசைப் பிள்ளைகள் கிம்ப்பில் ஓவியம் வரையக் கற்றார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அண்ணல் 1920-இல் 'மூக்நாயக்'கைத் தொடங்கினார். அன்றைய பெரிய பத்திரிகைகள் நம் குரலை அச்சிடாது என்று தெரிந்ததால் தங்களுக்கென ஒரு பத்திரிகையை உண்டாக்கினார்கள். அதற்காகப் பிறர் நடத்திய பள்ளியையும் கற்ற ஆங்கிலத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டே நமக்கானதையும் கட்டினார்கள். ஒரே லேப்டாப்பில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதும் அதைத்தான்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பரணில் கிடக்கும் ஒரு லேப்டாப்பை இறக்குங்கள். தூசி தட்டி, நகலெடுத்து, லினக்ஸைச் சேர்த்து, படிக்கிற ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது அந்தக் கறுப்புத் திரையில் நிறுத்தி, இரண்டு வரிக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுங்கள். எங்களுக்கு அன்று யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

ஜெய்பீம்.